புதன்கிழமை மாத்திரை

ஐயோ, பிரிக்காதீங்க தம்பி. ஒரு நிமிஷம். அந்த அட்டையை அப்படியே மடியில வைங்க. முன்னப்பின்ன தெரியாதவ வந்து கையைப் பிடிக்கிறாளேன்னு பார்க்காதீங்க, நான் பைத்தியமும் இல்ல, மாத்திரை விக்கிறவளும் இல்ல. அந்த டப்பால எத்தனை போட்டீங்க? நாலா. எந்த அட்டையிலேருந்து பிரிச்சதுன்னு தெரியும்ல? சரி, தெரிஞ்சா சரி. இன்னொரு அட்டையை மட்டும் தொடாதீங்க.

வீட்டம்மாவுக்குத்தானே? ரத்தம் எடுக்கப் போயிருக்காங்க, பார்த்தேன். பையை விரல்ல பிடிக்கல, முழங்கையில மாட்டிக்கிட்டு வந்தாங்க. கதவையும் தோளாலதான் தள்ளினாங்க. இந்த பெஞ்சுல உக்காந்து உக்காந்து எனக்கு அதெல்லாம் தூரத்துலயே தெரிஞ்சிரும். உள்ள இன்னிக்குக் கூட்டம், வர்றதுக்கு அரை மணி நேரமாவது ஆகும்.

அவங்களால அட்டையை அமுக்க முடியல. நீங்க காலையில வேலைக்குப் போயிட்டா எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. மொத்தத்தையும் பிரிச்சு ரெண்டு டப்பால போட்டு வச்சுட்டா அவங்களா எடுத்துப் போட்டுக்குவாங்க. அதானே? பாருங்க, நீங்க சொல்லாமயே சொல்லிட்டேன். நல்ல மனசு தம்பி உங்களுக்கு. கிண்டல் இல்ல, நெஜமாத்தான் சொல்றேன். அக்கறை இருக்கறவங்கதான் இதைச் செய்வாங்க. அக்கறை இல்லாதவன் அட்டையை மேஜை மேல வீசிட்டுப் போயிருவான். அவன் பொண்டாட்டி அவனைத் திட்டிக்கிட்டே பல்லால கடிச்சுப் பிரிச்சுக்குவா. அவளுக்கு ஒண்ணும் ஆகாது.

எங்க தங்கச்சிக்கும் இதே முடக்குவாதம்தான். இதே டாக்டரம்மாதான் பார்த்தாங்க. கண்ணாடியை நெத்திக்கு மேல ஏத்திக்கிட்டு ஒவ்வொரு கணுவா அமுக்கிப் பார்ப்பாங்களே, வலிக்குதா, இங்க வலிக்குதான்னு. மொத்தம் இருபத்தெட்டு இடம். தங்கச்சி முதல் நாள் இருபதுக்கு ஆமான்னு சொன்னா. அம்மா, வலிக்காத எட்டை மட்டும் கேட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்குமேன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டா. அவ வாய் அப்படி. அந்தம்மா அப்ப சிரிச்சாங்க. இப்பல்லாம் என்னைப் பார்த்தா அவ்வளவா சிரிக்கறதில்ல.

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில. மூக்குக் கண்ணாடிக் கடை. ஃப்ரேம்ல ஸ்க்ரூ மாட்டணும், காது வலிக்குதுன்னு வந்தா வளைச்சுக் குடுக்கணும். எள்ளு சைஸ் ஸ்க்ரூ தம்பி. கீழ விழுந்தா விழுந்ததுதான், தேடவே முடியாது. பத்தொன்பது வருஷத்துல அவ கையிலேருந்து ஒண்ணு விழுந்ததில்லைன்னு கடைக்காரரே சொல்வார். ஒரு நாள் மத்தியானத்துக்குள்ள மூணு விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு கையையும் மேஜை மேல வச்சுட்டு, அக்கா, இது என் கையே இல்லைன்னா. நான் சிரிச்சேன். வேற யார் கையாம், கடையில மாத்திக் குடுத்துட்டாங்களான்னு கேட்டேன்.

வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் ஆகாம நின்னு போச்சு, அவளுக்கு ஆகி நின்னு போச்சு. எப்படியோ ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துட்டோம், நடுவுல உனக்குத்தான் கல்யாணச் செலவு மிச்சம்னு அவ சொல்லிச் சிரிப்பா.

நானா? சலவைக் கடையில இருந்தேன், இருபத்தாறு வருஷம். துணி வந்தவுடனே காலர் உள்பக்கம் நம்பர் துண்டு குத்தறது, பெட்டி போட்டு முடிச்சு மடிக்கிற வரைக்கும் அது கழலாமப் பார்த்துக்கறது, அதான் என் பொழப்பு. வெள்ளைச் சட்டை நாப்பது ஒண்ணா ஊறும்போது எது யாருதுன்னு எப்படித் தெரியும்? அந்தத் துண்டை வச்சுத்தான். புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு முதல்ல அதைத்தான் சொல்வேன். கையே போனாலும் நம்பரைக் கழட்டாதீங்கடி, எனக்கு ஞாபகம் இருக்குன்னு மட்டும் என்கிட்ட வந்து சொல்லாதீங்கடின்னு. கத்துவேன் தம்பி, நாலு கடைக்குக் கேக்கும்.

உங்களுக்கு எல்லாம் விவரமா சொன்னாங்களா உள்ள? சொல்லியிருப்பாங்க. ஆனா அந்த ரூம்ல பாதிதான் காதுல விழும், எனக்குத் தெரியும். முதல்ல வலி அடங்க ஒரு மாத்திரை, கூடவே கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு போட்ட மூணாம் நாளே பறக்கற மாதிரி இருக்கும். தங்கச்சி வீடு பூரா ஒட்டடை அடிச்சா. அதை நம்பி உக்காந்துறக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு எடுத்துருவாங்க. நெஜ மருந்து இதுதான், உங்க மடியில இருக்கே, இந்த மஞ்சள் மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட். பேரு வாயில நுழைய எனக்கு ஒரு மாசம் ஆச்சு. இது வேலை செய்ய ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு மூணு மாசம் கூட ஆகும். அதுவரைக்கும் ஒண்ணுமே ஆகலையேன்னு விட்றக் கூடாது. பத்தலைன்னா அளவை ஏத்துவாங்க. அப்பவும் பத்தலைன்னா கூட இன்னொண்ணு சேர்ப்பாங்க. தங்கச்சிக்குச் சேர்க்கலாம்னு சொல்லி வச்சிருந்தாங்க, அதுக்குக் கண்ணைப் பார்க்கணும்னாங்க, அவ கடைக்குப் போயி அவ முதலாளிகிட்டயே கண்ணைக் காட்டிட்டு வந்தா. அதுக்கும் கேக்கலைன்னா ஊசி இருக்கு. அதுக்கு முன்னாடி டிபி இருக்கான்னு பார்ப்பாங்க. படிப்படியாத்தான் போவாங்க, பயப்படாதீங்க.

நெட்ல பார்த்தீங்களா? பார்த்திருப்பீங்க. கேன்சருக்குக் குடுக்கற மருந்துன்னு போட்டிருக்குமே. குடுப்பாங்க, ஆனா அங்க அண்டாக் கணக்கு, இங்க ஸ்பூன் கணக்கு. அதனாலதான் வாரத்துக்கு ஒரு நாள். ஒரே நாள். ஈரல், ரத்தம் எல்லாம் அப்பப்பப் பார்த்துக்கிட்டே இருக்கறதும் அதுக்குத்தான். குழந்தை வேணும்னு இருந்தா முன்னாடியே அந்தம்மாகிட்ட சொல்லிருங்க, இதை நிறுத்திட்டு வேற குடுப்பாங்க. சொல்லிட்டீங்களா? நல்லது.

இன்னொண்ணு இந்த ஃபோலிக் ஆசிட். இது வைட்டமின் மாதிரி, அதோட சூட்டைத் தணிக்கறதுக்கு. மெத்தோட்ரெக்ஸேட் போடற நாளைத் தவிர மத்த ஆறு நாளும் இதைப் போடணும். இப்ப ரெண்டு அட்டையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மஞ்சள். இதுவும் மஞ்சள். உருண்டை, இதுவும் உருண்டை. இப்பப் புரியுதா நான் ஏன் பாய்ஞ்சு வந்தேன்னு?

தங்கச்சி புதன்கிழமைன்னு வச்சுக்கிட்டா. அப்ப ஸ்க்ரூ வேலை போயி கடையில கல்லாவுல உக்காந்திருந்தா, கடைக்குப் புதன் லீவு. போட்ட அன்னிக்கு வயித்தைப் பிரட்டும், படுத்துக்கலாம்னு. முதலாளிக்கு முன்னாடி வாந்தி எடுத்தா சம்பளம் பிடிப்பார்க்கான்னு சிரிப்பா.

அப்புறம்? அப்புறம் என்ன தம்பி. மாறிப் போச்சு. ரெண்டு டப்பா வச்சிருந்தா, சுலபமாத் திறக்கற மூடி. புதன் டப்பாவுல போக வேண்டியது தினசரி டப்பாவுலயும், தினசரி போக வேண்டியது புதன்லயும் போயிருச்சு. வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியதை வாரத்துல ஆறு நாள் போட்டுட்டா. மூணு வாரம். நாங்க யாரும் கவனிக்கல. அவசரத்துல தானே மாத்திப் போட்டுக்கிட்டா, விதி. எங்க அண்ணன் இப்பவும் சொல்வான், அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்னு. அண்ணியும் சொல்லும். வருஷா வருஷம் அவ திதியில எல்லாரும் உக்காந்து அதைத்தான் சொல்வாங்க.

அதுல பெரிய கொடுமை என்னன்னா, முதல் பத்து நாள் அவ கை நல்லாயிருச்சு. சத்தியமா. அளவை ஏத்தின மருந்து கேக்குதுன்னு நினைச்சோம். வீக்கம் வடிஞ்சு மோதிர விரல்ல எலும்பு தெரிஞ்சுச்சு. ஒரு நாள் காலையில காபி டம்ளரை ஒரே கையில தூக்கிக் காட்டினா. அக்கா, பாரு, பாருன்னு. அதுக்கு முன்னாடி அவளால எதுவும் முடியாது தம்பி. பால் பாக்கெட்டைக் கிழிக்க முடியாது, குழாயைத் திருக முடியாது. தலை நான்தான் பின்னி விடுவேன். ஜாக்கெட் கொக்கி நான்தான் மாட்டுவேன். அந்த டம்ளரைப் பார்த்து ரெண்டு பேரும் அழுதோம். அந்த வாரம் ரத்தம் குடுத்துப் பார்க்க வேண்டிய வாரம். கைதான் நல்லாயிருச்சே, அடுத்த வாரம் போலாமேன்னு விட்டுட்டோம்.

அப்புறம் வாய்ப்புண் வந்துச்சு. வெயில் சூடுன்னு நினைச்சோம். அப்புறம் தண்ணி கூட முழுங்க முடியல. காய்ச்சல். தலையைப் பின்னினா கையோட வந்துச்சு முடி.

என்ன கேட்டீங்க?

இல்ல, காதுல விழுந்துச்சு. இன்னொரு தடவை கேளுங்க.

பால் பாக்கெட்டைக் கிழிக்க முடியாதவ அட்டையை எப்படிப் பிரிச்சாங்கன்னு கேக்குறீங்க.

பாருங்களேன். அஞ்சு வருஷம் ஆச்சு. எங்க அண்ணன் கேக்கல. அண்ணி கேக்கல. அந்தக் கண்ணாடிக் கடைக்காரர், ஒரு ஸ்க்ரூ காணோம்னா மேஜையைக் கவுத்துத் தேடுற ஆளு, அவர் கேக்கல. நீங்க பெஞ்சுல உக்காந்து இருபது நிமிஷத்துல கேட்டுட்டீங்க.

நான்தான் தம்பி பிரிச்சேன்.

இருங்க, சொல்லிடறேன். எழுந்திரிக்காதீங்க. முதல் ரெண்டு மாசம் புதன் மாத்திரை சின்னதா இருந்துச்சு, தினசரி மாத்திரை பெருசா இருந்துச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு. சின்னது புதன், பெருசு மத்த நாள். பேரு எதுக்கு, சைஸே சொல்லுதேன்னு. மாசா மாசம் நான்தான் உக்காந்து பிரிச்சு டப்பால போடுவேன், அவ வேலைக்குப் போறதுக்குள்ள. மூணாம் மாசம் டாக்டரம்மா அளவை ஏத்தினாங்க. அளவு ஏறினா மாத்திரையும் பெருசாத்தானே வரும்? வந்துச்சு. அதே தடவை ஃபோலிக் ஆசிட் பழைய கம்பெனி இல்லைன்னு வேற குடுத்தாங்க. அது சின்னதா வந்துச்சு. மருந்து குடுத்தவர் ஜன்னல்லயே சொன்னார், ரெண்டு அட்டையும் மாறியிருக்கும்மா, பேரைப் பார்த்துக்கங்கன்னு. நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு தினுசு அட்டையையும் ஒரே தட்டுல பிரிச்சேன். நாலு அட்டை, அஞ்சு அட்டை இருக்கும், அறுக்காம ரெண்டுலயும் முழு அட்டையாக் குடுத்திருந்தாங்க, எண்ணிக்கையை வச்சும் தெரியாது. பேரைப் பார்த்துட்டுத்தான் பிரிச்சேன், அப்ப எது எதுன்னு தெரியும் எனக்கு. அந்த நேரம் பார்த்து அவ உள்ளேருந்து கூப்பிட்டா, அக்கா கொக்கின்னு. போயி மாட்டி விட்டேன். தலையையும் பின்னி விட்டேன். வந்து பார்த்தா தட்டுல எல்லாம் மஞ்சளா கிடக்கு. அட்டையெல்லாம் குப்பைக் கூடையில. கூடை என் காலடியிலதான் இருந்துச்சு. குனிஞ்சு ஒரு அட்டையை எடுத்து அதுல இருக்கற குழியைப் பார்த்திருந்தா போதும், எந்த மாத்திரை எந்தக் குழியில உக்காந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும். குனியல. நல்லவேளை ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னு நினைச்சேன் தம்பி. அந்த நல்லவேளைங்கற வார்த்தை எனக்கு இன்னும் காதுல கேக்குது.

இருபத்தாறு வருஷம் நம்பரைக் கழட்டாதீங்கடின்னு கத்தினவ.

அவ ரெண்டாம் நாளே கேட்டா. அக்கா, இதுல நடுவுல ஒரு கோடு இருக்கே, முன்னாடி இல்லையேன்னு. உள்ளங்கையில வச்சு என்கிட்ட நீட்டினா. நான் இஸ்திரிப் பெட்டியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிக் கூடப் பார்க்கல. கம்பெனி மாறிருச்சாம், முழுங்குடின்னேன். முழுங்கினா.

ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப டாக்டரம்மா மாத்திரையெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ரெண்டு டப்பாவையும் கொண்டு போனேன். கீழ மருந்து ஜன்னல்லேருந்து புது அட்டை வரவழைச்சு, ஒண்ணு ஒண்ணா பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. அவங்க முகம் மாறினதைப் பார்த்தேன். மாத்து மருந்து உடனே ஏத்தினாங்க. ஆனா ரத்தத்துல அணு ஒண்ணுமே மிச்சமில்லன்னாங்க. அப்புறம் கட்டில் பக்கத்துல வந்து நின்னு கேட்டாங்க. இந்த மாத்திரையை டப்பால போட்டது யாருன்னு.

எங்க அண்ணன் நின்னான், அண்ணி நின்னுச்சு, நான் நின்னேன். என் வாய் திறந்துச்சு. அவ வாய் பூரா புண்ணு தம்பி, அஞ்சு நாளா ஒரு வார்த்தை பேசல, எச்சில் முழுங்கவே அழுவா. அவ சொன்னா, நான்தான்னு. நானே பிரிச்சேன், நானே போட்டேன், மாறிப் போச்சுன்னு. அவ்வளவு நீளமாச் சொன்னா. சொல்லிட்டு என்னைப் பார்க்கல.

டாக்டரம்மா அவ கையை எடுத்துப் பார்த்தாங்க. மூணு மாசமா அமுக்கிப் பார்த்த கை, எந்த விரல் எவ்வளவு மடங்கும்னு அவங்களுக்குத் தெரியாதா? கட்டை விரலை லேசா மடக்கிப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் இல்ல, கொஞ்ச நேரம்தான். கையைப் போர்வைக்குள்ள வச்சுட்டு, நோயாளியே மாத்தி எடுத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்கிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல. நான்தான்னும் சொல்லல. அதுக்கப்புறம் நாலு நாள் இருந்தா. அந்த நாலு நாள்ல எங்க ரெண்டு பேருக்கும் தனியா எவ்வளவோ நேரம் இருந்துச்சு. கேட்டிருக்கலாம். ஏண்டி அப்படிச் சொன்னேன்னு கேட்டிருக்கலாம். நான் கால் பிடிச்சு விட்டுக்கிட்டே இருந்தேன்.

பத்தொன்பது வருஷம் ஒரு ஸ்க்ரூ கீழ விடாதவ. அவளைப் போயி அவசரக்காரிங்கறாங்க வருஷா வருஷம், என் முன்னாடியே. நான் தட்டு எடுத்து வச்சுக்கிட்டு இருப்பேன்.

இல்ல, வேணாம், கண்ணைத் துடைங்க. நீங்க எதுக்கு அழுவுறீங்க. உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. நல்ல மருந்து தம்பி இது, எத்தனையோ பேர் இதைப் போட்டுட்டு ஜம்முன்னு நடந்து வர்றதை இந்த பெஞ்சுல உக்காந்தே பார்க்குறேன். அட்டையோடவே இருக்கட்டும், அவ்வளவுதான். அட்டை மேல பெருசா புதன்னு எழுதுங்க. இல்ல, உங்களுக்கு எந்தக் கிழமையோ அதை எழுதுங்க. காலையில நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி அன்னிக்குள்ளதை மட்டும் பிரிச்சு அவங்க கையில குடுங்க. அவங்க கோடு இருக்கே, கலர் வேற மாதிரி இருக்கேன்னு கேட்டா திரும்பிப் பாருங்க. வேலைக்கு லேட்டானா ஆகட்டும்.

அதோ, வந்துட்டாங்க. பஞ்சை அழுத்திப் பிடிக்க முடியாம முழங்கையை மடக்கிக்கிட்டே வர்றாங்க பாருங்க. போங்க, பையை வாங்கிக்கங்க.

ஒரு நிமிஷம் தம்பி. போறதுக்கு முன்னாடி ஒரு உதவி.

எனக்கும் வந்துருச்சு, ரெண்டு வருஷம் ஆகுது. குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா வரலாம்னு அந்தம்மா சொன்னாங்க. அதே மாத்திரைதான் எழுதிக் குடுத்தாங்க. எழுதின சீட்டை என் கையில குடுக்கல, மேஜை மேல வச்சாங்க. என் கட்டை விரலைப் பாருங்க, இது அட்டையை அமுக்காது. வீட்ல கத்திரிக்கோல் இருக்கு, கீழ் வீட்ல ஆளும் இருக்கு. ஆனா தனியா ஒரு ரூம்ல உக்காந்து இதைப் பிரிக்க என்னால ஆகாது. அதான் வாராவாரம் இங்க வந்து உக்காந்துக்கறேன். கூட வந்தவங்கள்ல நல்ல கையா யாராவது கிடைப்பாங்க. அவங்ககிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னதில்ல. விரல் வலி, ஒண்ணு எடுத்துக் குடுங்கன்னு மட்டும் கேப்பேன். உங்ககிட்டதான், நீங்க பிரிக்கறதைப் பார்த்துட்டு வாய் நிக்கல.

இந்தாங்க அட்டை. ஒண்ணே ஒண்ணு. அமுக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் இருக்கற பேரைச் சத்தமா வாசிங்க. ம். அப்புறம் இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியும் தம்பி. நீங்க சொல்லுங்க, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

ஆமா. புதன்.

குடுங்க.